ஏழு பேர், ஒரு கோடை: பிரிட்டிஷ் ஸ்பீட்வேயில் வீரர்கள் ஏன் அணி மாறிக்கொண்டே இருக்கிறார்கள்?

கிழக்கு லண்டனில் கஸ்டம் ஹவுஸ் என்றொரு பகுதி. அங்கே பக்கத்தில் பக்கத்தில் சில தெருக்கள்: அட்கின்சன் ரோடு, குரூம்ப்ஸ் ரோடு, வில்கின்சன் ரோடு, யங் ரோடு, ஹாஸ்கின்ஸ் குளோஸ். பார்த்தால் சாதாரணக் குடியிருப்புதான். 1972 வரை அந்த மண்ணில் வெஸ்ட் ஹாம் மைதானம் இருந்தது. அங்கே ஸ்பீட்வே என்ற பந்தயத்தில், பிரேக் இல்லாத மோட்டார் பைக்கில் வளைவுக்கு வளைவு சறுக்கிப் பறந்தவர்களின் பெயர்கள்தான் இந்தத் தெருக்களுக்கு. ஹாஸ்கின்ஸ் மட்டும் பந்தயம் நடத்தியவர். மைதானத்தை இடித்து வீடு கட்டியபோது பெயர்களையாவது விட்டுவைத்தார்கள்.

இதில் யங் என்பவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்த ஜாக் யங். 1951-இல் வெம்ப்ளியில் அவர் உலகப் பட்டம் வென்றபோது வெஸ்ட் ஹாம் வீரராக இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பர்க் மோனார்க்ஸ் அணியில், அதுவும் இரண்டாம் டிவிஷனில் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் டிவிஷனிலிருந்து ஒருவர் உலக சாம்பியன் ஆனது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டே வெஸ்ட் ஹாம் அவரைப் பெரும் தொகை கொடுத்து வாங்கியது. 1952-லும் பட்டம் அவருக்கே. தொடர்ந்து இரண்டு முறை வென்ற முதல் மனிதர். ஆக, எடின்பர்க்காரர்களின் நினைவில் உள்ள யங் வேறு, லண்டனில் தெருவுக்குப் பெயரான யங் வேறு. இரண்டு ஊரும் அவரை எங்கள் ஆள் என்றுதான் சொல்லும். இரண்டும் சொல்வது சரி.

பிரிட்டிஷ் ஸ்பீட்வேயில் இந்தக் கதை ஒவ்வோர் ஆண்டும் எங்கோ ஓரிடத்தில் நடக்கிறது. குளிர்காலம் வந்தால் போதும், யார் எந்த அணிக்குப் போகிறார், யாரை விட்டுவிட்டார்கள் என்ற பேச்சுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கால்பந்து டிரான்ஸ்ஃபர் மாதிரி தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு முற்றிலும் வேறு. பணத்துக்கு முன்னால் இங்கே ஒரு கூட்டல் கணக்கு நிற்கிறது.

முதலில் பந்தயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணியில் ஏழு பேர். ஹீட் என்ற ஒவ்வொரு குறும்பந்தயத்திலும் நான்கு பேர், அணிக்கு இரண்டு பேராக. 500 சிசி ஒற்றை சிலிண்டர் பைக், எரிபொருள் மெத்தனால், ஒரே கியர். நீள்வட்டத் தடத்தை இடப்பக்கமாகவே நான்கு முறை சுற்ற வேண்டும். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதலிடத்துக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. தன் கூட்டாளிக்கு நேர் பின்னால் வந்து, எதிரணியில் ஒருவரையாவது முந்தியவருக்கு ஒரு போனஸ் புள்ளி உண்டு. அணியின் மொத்தத்தில் அது சேராது, வீரரின் கணக்கில் சேரும். கூட்டாளியை முந்தப் பார்த்து இருவரும் கெட்டுப்போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஒரு மோதலில் பதினைந்து ஹீட். பார்க்க வந்தவர்கள் கையில் நிகழ்ச்சித் தாளும் பேனாவும் இருக்கும். ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் புள்ளியைக் கட்டத்தில் எழுதுவார்கள். பத்து வயதுப் பிள்ளைகூட எழுதும். இந்த விளையாட்டின் ரசிகர்கள் பழைய பந்தயங்களை எண்ணோடு சொல்ல முடிவதற்கு இந்தப் பேனாதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி சராசரிக் கணக்கு. ஒரு வீரர் எடுத்த புள்ளிகளையும் போனஸையும் கூட்டி, ஓட்டிய ஹீட்களால் வகுத்து, நான்கால் பெருக்குவார்கள். 60 ஹீட் ஓட்டி 110 புள்ளியும் 10 போனஸும் எடுத்தவருக்கு சராசரி 8.00. எல்லா ஹீட்டையும் வென்றால் 12. எட்டுக்கு மேல் இருப்பவர் அணியின் தூண். மூன்று நான்கில் இருப்பவர் கற்றுக்கொண்டிருப்பவர், அல்லது காலம் முடிந்துகொண்டிருப்பவர். புதிதாக வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு நிர்வாகமே ஒரு மதிப்பீட்டுச் சராசரியை வைத்துவிடும்.

சீசன் தொடங்கும் முன் ஏழு பேரின் சராசரியையும் கூட்டினால் வரும் எண், லீக் அறிவித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். எல்லை ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்த ஆண்டு 42 என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது சராசரி உள்ள இருவரை எடுத்தால் 18 போய்விட்டது. மீதி ஐந்து பேருக்கு 24-தான். ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு உண்டல்லவா? அங்கே வரம்பு பணத்துக்கு, இங்கே திறமைக்கு. பணக்கார அணி எல்லாரையும் வாங்கிக் குவிக்க முடியாது என்பது இதன் நல்ல பக்கம்.

கெட்ட பக்கமும் அதே விதியில்தான் இருக்கிறது. ஓர் அணி 42-இல் தொடங்கி அற்புதமாக ஓட்டி சாம்பியன் ஆனது என்றால், அந்த ஏழு பேரின் சராசரியும் ஏறியிருக்கும். கூட்டிப் பார்த்தால் 47, 48 வரும். அதே ஏழு பேரை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ள முடியாது. வென்றதற்குக் கிடைக்கும் முதல் பரிசு, அணியைக் கலைப்பது! ஊர் முழுக்கக் கொண்டாடிய இளைஞன், நன்றாக ஓட்டினான் என்ற ஒரே காரணத்துக்காக வேறு ஊருக்குப் போவான். இதைக் குழந்தைகளுக்கு விளக்கச் சொன்னால் எந்தப் பெற்றோரும் திணறுவார்கள். எனக்கு இந்த விதியின் நியாயம் புரிகிறது. ஆனால் அது கேட்கும் விலை அதிகம்.

கணக்கு இப்படி இருப்பதால், ஆள் பிடிப்பவரின் கண் போக வேண்டிய இடம் வேறு. சென்ற ஆண்டு தோள்பட்டை உடைந்து பாதி சீசன் தடுமாறியவர், சராசரி ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கியவர், இந்த ஆண்டு தேறிவிட்டால்? ஆறு கொடுத்து ஒன்பதை வாங்கின மாதிரி. இன்னும் ஏறுமுகத்தில் இருக்கும் பதினெட்டு வயதுப் பையனும் அப்படித்தான். நல்ல புரமோட்டர், அதாவது அணியை நடத்துபவர், அடுத்த கோடையின் சராசரியை இப்போதே மனதில் கணிப்பவர்.

2021-இல் பீட்டர்பரோ பேந்தர்ஸ் செய்தது இதற்கு நல்ல உதாரணம். ஸ்காட் நிக்கல்ஸ், பியார்ன் பெடர்சன், ஹான்ஸ் ஆண்டர்சன், கிறிஸ் ஹாரிஸ், உல்ரிச் ஆஸ்டர்கார்ட் என்று நாற்பதை ஒட்டியவர்களும் தாண்டியவர்களுமாகச் சேர்த்தார்கள். கூடவே மைக்கேல் பாம் டாஃப்ட், இளைஞர் ஜோர்டன் பாலின். கிழவர் படை என்று கேலி கிளம்பியது. அந்தக் கிழவர்கள் இறுதிப் போட்டியில் பெல் வ்யூ ஏசஸை வீழ்த்தி, மேல் லீக்கான பிரீமியர்ஷிப்பை வென்றார்கள். தடத்தின் எந்தக் கோட்டில் பிடிமானம் இருக்கும், எப்போது கூட்டாளிக்கு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் சராசரிப் பட்டியலில் தெரியாது. இருபது வருட அனுபவத்துக்கு அந்தப் பட்டியலில் தனிப் புள்ளி கிடையாது. பீட்டர்பரோ அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில், 2023-இல், 1970 முதல் ஓட்டிவந்த கண்காட்சித் திடலில் அவர்களின் கடைசிப் பந்தயமும் நடந்துவிட்டது. அந்த நிலத்துக்கு வேறு திட்டம் வந்துவிட்டது.

சரி, வீரர் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு நீண்ட காலமாக இருந்துவந்த பதில் 'அசெட்' முறை. ஒரு கிளப் முழுத் தொகை கொடுத்து வாங்கிவிட்டால், அல்லது புதியவராக முதலில் பதிவு செய்துவிட்டால், அவர் அந்தக் கிளப்பின் சொத்து. சராசரிக் கணக்கில் இடம் இல்லாவிட்டால் வேறு கிளப்புக்கு ஒரு சீசனுக்கு இரவல் கொடுக்கலாம். இரவல் கட்டணம் சொந்தக்காரக் கிளப்புக்கு வரும். இதனால் ஒரு கிளப்பின் சொத்தாக இருந்தும், பல ஆண்டுகள் அதன் சட்டையையே போடாத வீரர்கள் இருந்தார்கள். வீரரோ மாதச் சம்பளக்காரர் இல்லை. எடுத்த புள்ளிக்குக் காசு. பைக், எஞ்சின், மெக்கானிக், வேன், டீசல் எல்லாம் அவர் செலவு. எலும்பு முறிந்து படுத்தால் புள்ளியும் இல்லை, காசும் இல்லை. பத்து ஆண்டுகள் பிரிட்டனில் ஓட்டியவருக்குப் பாராட்டுப் பந்தயம் ஒன்று நடத்தி வசூலைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்த நாளில் பழைய கிளப்களின் ரசிகர்களும் தங்கள் வண்ணக் கழுத்துத்துணியோடு வந்து நிற்பார்கள்.

'கெஸ்ட்' என்று இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. முதன்மை வீரர் காயம்பட்டால், அதே அளவு சராசரி உள்ள வேற்று அணிக்காரரை ஒரு நாளுக்கு அழைத்துக்கொள்ளலாம். போன வாரம் நீங்கள் கூச்சல் போட்டு எதிர்த்தவர் இந்த வாரம் உங்கள் ஊர்ச் சின்னத்தை மார்பில் கட்டிக்கொண்டு ஓட்டுவார். அப்புறம், ஒரே வீரர் மேல் டிவிஷனில் ஓர் அணிக்கும் கீழ் டிவிஷனில் இன்னோர் அணிக்கும் ஓட்டுவதும் சகஜம். கால்பந்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆட்கள் குறைவாகவும் காயங்கள் நிறையவும் உள்ள விளையாட்டு இது. இப்படிக் கைமாற்றிக்கொள்ளாவிட்டால் பந்தயமே நடக்காது.

இந்தச் சமன்செய்யும் எண்ணம் இன்று நேற்று வந்ததில்லை. எப்பிங் காட்டோரம் ஹை பீச் என்ற இடத்தில் 1928 பிப்ரவரி 19-இல் நடந்த பந்தயத்தைத்தான் பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே லீக்குகள் வந்துவிட்டன. போர் முடிந்து 1946-இல் மீண்டும் தொடங்கியபோது தேசிய லீக்கில் ஆறே அணிகள். அவற்றில் நான்கு லண்டனில்: வெம்ப்ளி, வெஸ்ட் ஹாம், விம்பிள்டன், நியூ கிராஸ். அப்போது இருந்த வீரர்களைத் திரட்டி, தரம் பார்த்து, கிளப்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 1965-இல் அப்போதிருந்த இரு லீக்குகளும் ஒன்றாகிப் பதினெட்டு அணிகளோடு பிரிட்டிஷ் லீக் பிறந்தது. அதன் பிறகும் ரைடர் கண்ட்ரோல் என்ற குழு, பலமான அணியிலிருந்து ஒருவரை எடுத்துப் பலவீனமான அணிக்கு அனுப்பும் வேலையைச் செய்தது. இன்றைய சராசரி எல்லை அதே வேலையை எண்ணால் செய்கிறது.

பெரிய பெயர்களின் பயணத்தைப் பார்த்தால் பிரிட்டனின் வரைபடமே தெரியும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்த ஐவன் மேஜர் 1957-இல் விம்பிள்டனுக்கு வந்தார், அப்போது எடுபடவில்லை. திரும்பிப் போய், 1963-இல் நியூகாசிலில் மறுபடி தொடங்கினார். 1968-இல் நியூகாசில் வீரராக முதல் உலகப் பட்டம். அடுத்த ஆண்டு மான்செஸ்டரின் பெல் வ்யூவுக்கு மாறினார். அங்கே 1969, 1970, 1972 என மூன்று உலகப் பட்டங்கள், கிளப்புக்கு 1970 முதல் 1972 வரை தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள். 1973-இல் எக்சிட்டர் போனார். 1974-இல் எக்சிட்டர் சாம்பியன். 1977-இல் எக்சிட்டர் வீரராகவும் 1979-இல் ஹல் வீரராகவும் மேலும் இரண்டு உலகப் பட்டங்கள். மொத்தம் ஆறு. நான்கு ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் உலக சாம்பியனாகச் சொல்லலாம். எக்சிட்டரின் அதிவேகத் தடத்தில் அவரைப் பார்த்தவர்களுக்கு மான்செஸ்டர் கதை தேவையே இல்லை.

சிலர் விரும்பி மாறவில்லை, காலடியில் இருந்த தடம் போனதால் மாறினார்கள். சவுத்தாம்ப்டன் 1963-இல் மூடப்பட்டதும் பேரி பிரிக்ஸ் ஸ்விண்டனுக்குப் போனார். அங்கே ஒன்பது சீசன், நடுவில் 1964, 1966 உலகப் பட்டங்கள். பர்மிங்காம் 1983-இல் மூடியதும் டென்மார்க்கின் ஹான்ஸ் நீல்சனை ஆக்ஸ்போர்டு பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுவரை ஆக்ஸ்போர்டு கீழ் டிவிஷனில் இருந்த அணி. நீல்சனோடு சைமன் விக்கையும் சேர்த்து அவர்கள் கட்டிய அணி 1985, 1986, 1989 லீக் பட்டங்களை வென்றது. நீல்சன் ஆக்ஸ்போர்டில் இருந்தபடியே மூன்று முறை உலக சாம்பியன். ஓர் ஊரின் இழப்பு இன்னோர் ஊரின் பொற்காலமாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. பர்மிங்காம்காரர்களிடம் இதைக் கொண்டாட்டமாகச் சொல்லிவிடாதீர்கள்.

வீரர் மட்டுமா மாறினார்? சில நேரம் கிளப்பின் உரிமமே இடம் மாறியது. எடின்பர்க்கின் ஓல்ட் மெடோபேங்க் மைதானத்தை 1970 காமன்வெல்த் போட்டிகளுக்காக எடுத்துக்கொண்டபோது மோனார்க்ஸ் 1968-இல் கோட்பிரிட்ஜுக்கு நகர்ந்தது. இரண்டு சீசன் கழித்து அந்த லீக் உரிமம் விலைபோனது. அதைக் கொண்டுதான் 1970-இல் வெம்ப்ளி லயன்ஸ் மறுபிறவி எடுத்தது. ஜாக் யங் ஓட்டிய அதே மோனார்க்ஸின் இடம், அவர் பட்டம் வென்ற அதே வெம்ப்ளிக்கு. இரண்டு சீசனில் அதுவும் நின்றது. நியூகாசில் 1970-இல் முடிந்ததும் அதன் இடம் 1971-இல் ரெடிங்குக்கு. உரிமம் காகிதம், எங்கே வேண்டுமானாலும் போகும். செவ்வாய்க்கிழமையோ வியாழக்கிழமையோ வழக்கமாக வந்து வழக்கமான வளைவில் நிற்கும் மனிதர் அதன் பின்னால் போக முடியாது.

மைதானங்கள் ஏன் இவ்வளவு எளிதாகப் போகின்றன? பெரும்பாலான கிளப்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. நாய்ப் பந்தய மைதானத்தில் வாடகைக்கு இருப்பார்கள். நகரம் வளர்ந்து நிலத்தின் விலை ஏறினால், வாரம் ஒருநாள் ஓட்டும் வாடகைக்காரர்தான் முதலில் வெளியேறுவார். பெல் வ்யூவின் புகழ்பெற்ற ஹைட் ரோடு தடம் 1987-இல் கார் ஏல நிறுவனத்துக்குப் போனது. ஹாக்னி தடம் இருந்த இடத்தில் 2012 ஒலிம்பிக் ஊடக மையம் எழுந்தது. விம்பிள்டன் மைதானத்தின் மண்ணில் இப்போது கால்பந்து ஆடுகிறார்கள். கோவென்ட்ரியின் பிராண்டன் 2016-உடன் நின்றது. ஸ்விண்டன் 2019-இல் சாம்பியனாகவே கடைசி சீசனை முடித்தது. கம்பிரியாவின் வொர்க்கிங்டன் காமெட்ஸ் 2018-இல் ஒரே ஆண்டில் மூன்று கோப்பைகளை வென்று, அடுத்த ஆண்டு தொடரவே இல்லை. அங்கே இளம் வயதில் ஓட்டிய டான் பியூலி பிறகு உலக அளவில் ஓட்டப் போனார். 

போலந்தும் ஒரு காரணம். அங்கே கையெழுத்துத் தொகையும் புள்ளிப் பணமும் பிரிட்டனால் நினைத்துப் பார்க்க முடியாத அளவு. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் லீக் உண்டு. வாரத்தில் ஏழு நாள்தான். விமானத்தில் பறந்து பறந்து ஓட்டும் முன்னணி வீரர் எதையாவது விட வேண்டுமென்றால், குறைவாகக் கொடுப்பதைத்தான் விடுவார். டாய் வொஃபின்டன் 2013, 2015, 2018-இல் உலக சாம்பியனான இங்கிலாந்துக்காரர். அவரே வால்வர்ஹாம்ப்டனில் ஓட்டுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார். எமில் சைஃபுத்தினோவ் போன்ற ஒருவரை இப்ஸ்விச் 2023-இல் கொண்டுவந்தபோது ரசிகர்கள் அவ்வளவு துள்ளியதன் காரணம் இந்த வறட்சிதான்.

இதற்கெல்லாம் நடுவில் ரசிகர் நினைவு எதில் ஊன்றி நிற்கிறது? என் பதில்: ஏழு பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலில். கால்பந்து ரசிகர் பத்து வருட வீரரைச் சொல்வார். ஸ்பீட்வே ரசிகர் ஆண்டைச் சொல்லி, ஒன்று முதல் ஏழு வரை பெயரை வரிசையாகச் சொல்வார். அந்த ஏழு பேரும் ஒன்றாக ஒரே ஒரு கோடைதான் ஓட்டியிருப்பார்கள். கணக்கு அவர்களைப் பிரித்துவிடும் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். அதனால்தான் ஒவ்வொரு கோடையையும் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து, அவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்தார்கள். பழைய கிளப் பேட்ஜ்களைப் பார்த்திருக்கிறீர்களா? எனாமல் சின்னத்தின் கீழே ஆண்டு பொறித்த சிறு பட்டைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக மேல்சட்டையில் தொங்கும். ஒரு பட்டை, ஓர் அணி.

கிரேட்லி ஹீத் ஹீத்தன்ஸ் அணியின் பட்டைகள் 1995-உடன், அதன் சொந்தத் தடமான டட்லி வுட்டில் நிற்கின்றன. லீக் பட்டம் 1981, 1983 என இரண்டு முறைதான். ஆனால் அந்த அணியில் இருந்தபடி புரூஸ் பென்ஹால், எரிக் குண்டர்சன், யான் ஓ. பெடர்சன் மூவரும் உலக சாம்பியன் ஆனார்கள். 1981-இல் வெம்ப்ளியின் கடைசி இறுதிப் போட்டியில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னால் பென்ஹால் வென்றது இன்றும் அங்கே பேச்சு. பில்லி ஹாமிலும் கிரெக் ஹான்காக்கும் அங்கே வளர்ந்தவர்கள். அவர்கள் 1996-லும் 1997-லும் உலகப் பட்டம் வென்றபோது டட்லி வுட் மூடிக் கிடந்தது. 1996-இல் ஸ்டோக்கில் ஓராண்டு ஓட்டிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. 2010-இல் கீழ் லீக்கில் ஹீத்தன்ஸ் திரும்பி வந்தபோது அவர்களுக்குத் தடம் கொடுத்தது வால்வர்ஹாம்ப்டனின் மான்மோர் கிரீன். எந்த அணியைத் தோற்கடிப்பதற்காகவே வாழ்ந்தார்களோ அதே பரம எதிரியின் வீடு. முகம் சுளித்துக்கொண்டேனும் போனார்கள்.

2023 முடிவில் மான்மோரிலும் ஸ்பீட்வே நின்றது. நிலத்தை வைத்திருந்தவர்களுக்கு அந்த இரவுகள் நாய்ப் பந்தயத்துக்குத் தேவைப்பட்டன. 2024 பிரீமியர்ஷிப்பில் வால்வர்ஹாம்ப்டன் இருந்த இடத்தில் ஆக்ஸ்போர்டு வந்து உட்கார்ந்தது. 2007-இல் ஸ்பீட்வே நின்றுபோய், பதினைந்து ஆண்டு கழித்து 2022-இல் மீண்டும் தொடங்கிய அதே சாண்டி லேன் தடம், நீல்சன் ஓட்டிய தடம். அங்கே ஒரு தலைமுறை கழித்துப் பிள்ளைகள் பேனாவை எடுத்துப் புதிய ஏழு பெயர்களுக்குப் புள்ளி போட்டார்கள். வால்வர்ஹாம்ப்டனில் இப்போது திங்கட்கிழமை மாலைகளில் எஞ்சின் சத்தம் இல்லை.